தமிழ் படிக்கக் கிண்டில் பேப்பர்வைட்: அப்பாவுக்காக வாங்கியது

தமிழ் மட்டுமே படிக்கிறவர்களுக்கு, அமேசானின் மின்னூல் படிக்கிற கருவியான கிண்டில் வாங்கித் தரலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் வயதான அப்பா அம்மாவுக்காகத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வாங்கலாம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர், சன்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் படிப்பதையே விட்டுவிட்டார் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் கொஞ்ச நாளில் பீரோவுக்குள் போய்விடும். முதல் நாள் நாம் உட்கார்ந்து செய்து தருகிற ஏற்பாட்டில்தான் இருக்கிறது எல்லாம், தமிழ்ப் புத்தகம் என்று வரும்போது இது இன்னும் உண்மை.

நான் வாங்கியது கிண்டில் வகைகளில் பேப்பர்வைட் என்பது, 12-ஆம் தலைமுறை. 2025 இல் இந்தியாவுக்கு வந்த மாடல், 7 அங்குலத் திரை, 16 ஜிபி, எடை 211 கிராம். விலை 16,999 ரூபாய் போட்டிருந்தார்கள், சின்னத் தொகை இல்லை. அப்பாவுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டம், மஞ்சளும் வாழையும். பொழுதோட வேலை முடிந்தால் ஆசாரத்துக் கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிற மனுஷர். ஊர் நூலகத்தில் இருந்த சரித்திர நாவல்களை எல்லாம் முடித்துவிட்டு, எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று நூலகருக்கே சொல்லுகிறவர். கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு தூரத்துப் பார்வை நன்றாக வந்துவிட்டது, ஆனால் சன்ன எழுத்தைக் கண்ணாடி போட்டும் நீண்ட நேரம் படிக்க முடியவில்லை. போனில் படித்துப் பார்த்தார், கண் கூசுகிறது என்று வைத்துவிட்டார். மெல்ல மெல்ல டிவி முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மிணி, இதும் டிவியாட்ட மின்னுமா?" என்பதுதான். மின்னாது, ஏன் என்றால் இதில் இருப்பது போன் திரை இல்லை, மின்மைத் திரை (இ-இங்க்). கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும், இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்சாரம் கொடுத்தால் எது மேலே வர வேண்டுமோ அது மேலே வரும், வந்த பிறகு அப்படியே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். திரைக்குப் பக்கம் புரட்டும்போது மட்டும்தான் செலவு. துகள்கள் தாமாக ஒளி விடுவதில்லை, அதனால் வெளி வெளிச்சத்தில்தான் எழுத்து தெரிகிறது, காகிதத்தில் தெரிகிற மாதிரியே. வாசலில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது போனைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும், இது வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இரவில் படிக்க ஓரத்திலிருந்து திரை மேல் விழுகிற விளக்கு இருக்கிறது, அந்த வெளிச்சத்தை வெள்ளையிலிருந்து மஞ்சள் சாயலுக்கு மாற்றிக்கொள்ளலாம், பொழுது சாய்ந்தால் தானாக மாறுகிற மாதிரியும் வைக்கலாம். வைத்துக் கொடுத்துவிடுங்கள், பெரியவர்கள் அதைத் தேடிப் போகமாட்டார்கள்.

சரி, ஏற்பாடு. ஆன் செய்ததும் மொழி கேட்கும், வைஃபை கேட்கும், அப்புறம் அமேசான் கணக்கு கேட்கும். யார் கணக்கில் பதிவது என்பதை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் என் கணக்கிலேயே வைத்திருக்கிறேன், காரணம் புத்தகம் வாங்குவதும் அனுப்புவதும் கோவையிலிருந்து நான்தான், அப்பாவுக்கு ஓடிபி, கார்டு நம்பர் எதுவும் தொந்தரவு இருக்கக் கூடாது. உங்கள் கணக்கில் ஆர்டர் போட்டால் கருவி உங்கள் பெயரிலேயே பதிவாகி வரவும் வாய்ப்பு உண்டு, பரிசு என்று குறித்தால் பதிவில்லாமல் வரும். தோட்டத்தில் பிராட்பேண்ட் எல்லாம் இல்லை, அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் இணைத்தேன், அதுவே தாராளம். ஒன்று மட்டும் கவனியுங்கள், பழைய கிண்டில் வைத்திருக்கிறவர்களுக்கு ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால் போனில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், பழைய மாடல்களில் பல அதை மட்டும்தான் பிடிக்கும். இணைத்ததும் மென்பொருள் புதுப்பிப்பு ஏதாவது வந்தால் அதை முடியவிட்டு அப்புறம் புத்தகம் ஏற்றுங்கள். நடுவில் சந்தா எடுக்கச் சொல்லி, அது இது என்று சில திரைகள் வரும், எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போகலாம்.

இனி எழுத்து. என்னைக் கேட்டால் இந்தக் கருவிக்குக் கொடுக்கிற காசில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுக்காகத்தான். புத்தகத்தைத் திறந்து திரையின் மேல்பக்கம் தொட்டால் எழுத்து அமைப்பு மெனு வரும், அளவைப் படிப்படியாக ஏற்றலாம். நான் ஒவ்வொரு படியாக ஏற்ற ஏற்ற அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு பக்கத்துக்கு எட்டொன்பது வரி மட்டும் நிற்கிற அளவுக்கு வந்ததும், "இதுல நிறுத்து, போதும்" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தவர், சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்து வரவில்லை. அம்மா இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

பெரிய எழுத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நம் சொற்கள் நீளம். "சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" மாதிரி ஒரு சொல் வந்தால் வரியில் இடம் போதாமல் அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடும், மேல் வரியில் மிச்சம் இருக்கிற இரண்டு சொற்களை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் நிற்கும். கண்ணுக்கு அது பெரிய இடைஞ்சல், படிக்கிறவர் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடுவார். அதே மெனுவில் லேஅவுட் பகுதிக்குப் போய் அலைன்மென்டை இடது பக்கமாக மாற்றுங்கள். வலது ஓரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், பரவாயில்லை, சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக வந்துவிடும். ஓர இடைவெளியைக் குறைத்து, வரிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைக் கூட்டுங்கள், ஏனென்றால் நம் எழுத்துகளில் மேலே விசிறியும் கீழே சுழியுமாக நிறையத் தொங்குகிறது, நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று முட்டுவது போல் தெரியும். தமிழ் உருவில் வேறு குறை எதுவும் நான் காணவில்லை. பழைய மாடல்களில் கொம்பும் காலும் இடம் மாறி நின்ற காலம் உண்டு, இப்போது அந்தப் பேச்சே இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. அமேசானின் இந்தியக் கடையில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்னூல்கள் இருக்கின்றன, இன்று கடை நிறையவே இருக்கிறது. மாதச் சந்தா எடுத்தால் தமிழில் கணிசமாகப் படிக்கலாம், குறிப்பாக நாவல்கள். தேடுவது வாங்குவது எல்லாம் போனில் இருக்கிற ஆப்பிலோ கணினியிலோ செய்யுங்கள், தமிழில் தட்டச்சு செய்து தேட அதுதான் வசதி, வாங்கியது வைஃபை கிடைத்ததும் கருவிக்குப் போய்விடும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சளை உடைத்து உள்நிறம் பார்க்காமல் யாராவது விலை சொல்லுவார்களா, அப்படித்தான் இதுவும். தமிழ் மின்னூல்களில் நிறைய, பழைய அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக எடுத்துச் சரியாகத் திருத்தாமல் போட்டவை. கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்கும், ஒற்றுப் புள்ளி காணாமல் போகும், பத்தி முறிய வேண்டிய இடத்தில் முறியாமல் பக்கத்தின் நடுவில் பழைய பக்க எண் வந்து நிற்கும். நல்ல பதிப்பகங்கள் கவனமாகச் செய்கின்றன, அவை மாதிரியிலேயே தெரிந்துவிடும். ஒரே பழைய நாவலுக்கு ஐந்தாறு பேர் போட்ட பதிப்பு இருக்கிறது, விலை குறைவு என்று முதலில் கண்ணில் பட்டதை அழுத்தாமல் இரண்டு மூன்று மாதிரிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இலவசமாகக் கிடைப்பது இன்னொரு பெரிய உலகம், எனக்கு இதைப் பற்றி எழுதத்தான் அதிக ஆசை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கியது, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை காசு வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆசிரியர்களே பொது உரிமத்தில் கொடுத்த புத்தகங்கள் ஈபப் என்ற மின்னூல் கோப்பாகவே கிடைக்கின்றன. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் இப்படிப் பல இடங்களில் இருக்கின்றன. எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து யாரோ இரவெல்லாம் தட்டச்சு செய்த ஒரு நூல், இன்றைக்குக் கோபிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எழுபது தாண்டின ஒருவர் கையில் பெரிய எழுத்தாக விரிகிறது, அந்த உழைப்புக்கு நாம் பெரிய கடன் பட்டிருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கோப்புகளைக் கருவிக்கு அனுப்ப 'சென்ட் டு கிண்டில்' என்ற சேவை இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனி மின்னஞ்சல் முகவரி உண்டு, அதற்குக் கோப்பை இணைத்து அனுப்பினால் போதும். நிறையப் பேர் அனுப்பிவிட்டு வரவில்லையே என்று நிற்பது ஒரு காரணத்தால்: எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்களோ அதை அமேசான் கணக்கில், கருவிகளை நிர்வகிக்கிற பக்கத்தில், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டும். சேர்க்காத முகவரியிலிருந்து வருவதை அது ஏற்றுக்கொள்ளாது. மின்னஞ்சலில் 50 எம்பி வரை போகும், அதைவிடப் பெரிதாக இருந்தால் வலைப்பக்கம் வழியாக 200 எம்பி வரை ஏற்றலாம். ஈபப் கோப்பை 2022 இலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிறது. பழைய தளங்களில் மோபி, ஈபப் என்று இரண்டும் இருந்தால் ஈபப்பை எடுங்கள், மோபியை இந்தச் சேவை இப்போது வாங்குவதில்லை. குடும்பத்துக்கு இது எவ்வளவு வசதி தெரியுமா? நான் கோவை பீளமேட்டில் இருந்து மதியம் ஒரு புத்தகத்தை அனுப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, "ஹாட்ஸ்பாட்ட சித்த நேரம் போட்டு வெய்யுங்கம்மா" என்றால் போதும், பொழுதோட அப்பா எடுக்கும்போது புதுப் புத்தகம் உள்ளே இருக்கும். இப்போது அவரே எழுத்தாளர் பெயர் சொல்லிக் கேட்கிறார்.

பிடிஎஃப் பற்றித்தான் எச்சரிக்கை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அருமையான பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். படத்தில் எழுத்தளவு மெனு வேலை செய்யாது, 7 அங்குலத் திரைக்குள் ஒரு முழுப் பக்கம் சுருங்கி நிற்கும், இது எந்த நிறுவனத்தின் சின்னத் திரைக் கருவிக்கும் பொது. திரையைப் படுக்கை வாட்டத்துக்குத் திருப்பினால் அரைப் பக்கம் அரைப் பக்கமாகக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், நல்ல கண் இருக்கிறவர்களுக்கு அது போதும். கணினி தெரிந்தவர்கள் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம், அது பக்கத்தின் ஓரங்களை வெட்டி, சொல் சொல்லாகப் படத்தையே நறுக்கிச் சின்னத் திரைக்குத் தகுந்த மாதிரி திரும்ப அடுக்கும். எழுத்தை உணர வேண்டிய வேலை இல்லாததால் தமிழுக்கும் சரியாக வருகிறது, ஸ்கேன் தெளிவாக இருந்தால். இன்னொரு வகை பிடிஎஃப் உண்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தது. பார்க்கத் தமிழாகத் தெரியும், மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதை யுனிகோடாக மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் ஒரு முழு நூலுக்கு அதைச் செய்து பிழை பார்ப்பது பெரிய வேலை. ஆக, உங்கள் வீட்டுப் பெரியவர் படிக்க விரும்புவது பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃப்தான் என்றால் இந்தக் கருவியை வாங்காதீர்கள், பத்து அங்குல டேப்லெட்டே மேல். கண் கூச்சம் இருக்கும், ஆனால் எழுத்து தெரியும்.

பேட்டரி 12 வாரம் என்கிறார்கள், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: தினம் அரை மணி நேரம் படித்தால், வைஃபை அணைத்திருந்தால். பெருக்கிப் பார்த்தால் 42 மணி நேரம். அப்பா மாதிரி தினம் மூன்று மணி நேரம் படிக்கிறவருக்கு இரண்டு வாரம் வருகிறது, எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. அதுவே நிம்மதி, கரண்ட் போனாலும் படிப்பு நிற்பதில்லை. ஏரோப்ளேன் மோடில் போட்டு வைத்துவிட்டு, புத்தகம் இறக்கும்போது மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். நன்னீரில் 2 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் வரை தாங்கும் தரச்சான்று இருக்கிறது, அதற்காக யாரும் கிணற்றில் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, ஈரக் கையோடு எடுத்தாலும் சாரல் அடித்தாலும் பயம் இல்லை என்பதுதான் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு வேண்டியது.

பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது மூன்று தொடுதல்கள் மட்டும். வலது பக்கம் தொட்டால் அடுத்த பக்கம், இடது ஓரம் தொட்டால் முந்தின பக்கம், மேலே தொட்டால் மெனு. மேலே தெரியாமல் கை பட்டு மெனு வந்துவிட்டால் திரை நடுவில் ஒரு தட்டு தட்டினால் போய்விடும், இதை அவர்கள் கையைப் பிடித்தே இரண்டு மூன்று தடவை செய்யவைக்க வேண்டும், வாயால் சொன்னால் நிற்காது. முகப்புத் திரையில் கடை விளம்பரப் படங்கள் நிறைய வரும், அங்கே போக வேண்டாம், கீழே இருக்கிற லைப்ரரியைத் தொட்டால் நம் புத்தகங்கள் மட்டும் வரிசையாக இருக்கும் என்று பழக்குங்கள். மூடி வைத்துத் திறந்தால் விட்ட பக்கத்திலேயே நிற்கும் என்பதால் பெரும்பாலும் அங்கே போக வேண்டிய அவசியமே வருவதில்லை. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே கவர் என்பதை ஆன் செய்தால், தூங்குகிற திரையில் படிக்கிற புத்தகத்தின் அட்டைப்படமே தெரியும். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் அதைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்.

எனக்கு மனசுக்கு ஒவ்வாத ஒன்று, வாங்குகிற மின்னூல் நமக்குச் சொந்தம் ஆவதில்லை என்பது. படிக்கிற உரிமைதான் வாங்குகிறோம். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்கிற வசதியையும் 2025 பிப்ரவரி 26 ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு புத்தகம் வாங்கினால் நான்கு வீடு சுற்றித் திரும்பி வரும், சில திரும்பியே வராது, அப்படித்தான் எங்கள் பக்கத்தில் படிப்பே பரவியது. இதில் அது நடக்காது. அதனால் வீட்டில் நிற்க வேண்டிய புத்தகம், பேரன் பேத்திக்குப் போக வேண்டிய புத்தகம் என்று தோன்றுவதை அச்சிலேயே வாங்குகிறோம். ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போவதும், கோவை வந்தால் ராஜவீதி விஜயா பதிப்பகத்துக்குள் அப்பா நுழைந்துவிட்டால் வெளியே கூட்டிவர முடியாததும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, சன்னமாக இருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுக்கிறார், மின்னூலாக இருக்கிறதா என்று தேடச் சொல்லி.

கொசுறாகச் சில. 16 ஜிபியே மிக அதிகம், எழுத்து மட்டும் உள்ள தமிழ் நாவல் ஒன்றிரண்டு எம்பிதான் வரும், பெரிய கொள்ளளவுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பெட்டியில் சார்ஜர் கட்டை இல்லை, டைப்-சி ஒயர் மட்டும், போன் சார்ஜரே போதும். உறை கட்டாயம் வாங்குங்கள், ஆனால் மாடல் தலைமுறையைச் சொல்லி வாங்குங்கள். முந்தின 11-ஆம் தலைமுறைக்குத் திரை 6.8 அங்குலம், அந்த உறை இதற்குப் பொருந்தாது. டவுனில் ஒரு கடையில் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், திரும்பக் கொண்டுபோனால் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கருவி வாங்குவதாக இருந்தால், விற்பவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று நேரில் ஆன் செய்து, உங்கள் கணக்கில் பதிந்து, ஒரு தமிழ்ப் புத்தகத்தை இறக்கித் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.